என் இடது கால் முதலில்

வலது காலை எடுத்து வைத்து வா என்று எனக்குச் சொல்லாத ஆள் கிடையாது. கல்யாணமாகிப் போனபோது சொன்னார்கள், கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது சொன்னார்கள், வாடகை வீடு மாறும்போதெல்லாம் சொன்னார்கள். ஆனால் வலது கால் எழும்ப வேண்டுமென்றால் அதற்கு முன்னால் உடம்பின் பாரம் பூராவும் இடது காலில் இறங்க வேண்டும் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அதை நான் ஐம்பது வயதில், ஒரு நூல் குடோனுக்கு மேலே இருந்த ஹாலில், இங்கிலீஷ் டான்ஸ் வகுப்பில் கற்றுக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

நான் பனியன் கம்பெனியில் டெய்லர். பவர் டேபிள் என்கிற கரண்ட் தையல் மெஷினில் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தைத்த உருப்படிக்குத்தான் கூலி என்ற பீஸ் ரேட்டில் பழகிய உடம்பு என்னுடையது. சோறு தின்பதானாலும் சண்டை போடுவதானாலும் சட்டென்று முடிய வேண்டும். அவர் அதற்கு நேரெதிர். துணியை டேபிளில் விரித்து, நீவி, இன்னொரு தரம் நீவி, அதற்குப் பிறகுதான் கட்டிங் மெஷினைத் தொடுவார். "பதறாத காரியம் செதறாது" என்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரோட்டில் போனால் அவர் முன்னால் போவார், நான் நாலடி பின்னால். எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் அப்படித்தான் நடப்பார்கள். அவருடைய நிதானத்துக்குப் பின்னால் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது கை லேசாக உதற ஆரம்பித்தது. கழுத்து வளைவு வெட்டும்போது கத்தி ஒரு நூல் தடம் மாறுகிறது என்று அவரே வந்து சொன்னார். கோயமுத்தூரில் காட்டினோம். நடுக்குவாதம் என்றார் டாக்டர். கை நடுங்கும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கால் ஒட்டிக்கொள்ளும் என்பதை நாங்கள் வீட்டில்தான் தெரிந்துகொண்டோம். நன்றாக நடந்து வருவார். வாசல்படி வந்ததும், இல்லையென்றால் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் சந்து வந்ததும், இரண்டு பாதமும் பசை போட்ட மாதிரி தரையோடு நின்றுவிடும். மேலுடம்பு போகப் பார்க்கும், கால் வராது. அவர் முகத்தில் அப்போது ஒரு வெட்கம் வரும் பாருங்கள், அதை என்னால் தாங்க முடியாது. தாங்க முடியாததற்கெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்படி ஒரு காலை நேரம். தெரு முக்கில் இருக்கும் பேக்கரி வரை அவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு, கம்பெனி வேன் ஏறுவது என் வழக்கம். அன்றைக்கு வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் நிலைப்படிக்கு உள்பக்கம் நின்றுவிட்டார். நான் அவரை ஒதுக்கிக்கொண்டு வெளியே போய், திரும்பி, "வாங்கன்னா வாங்க!" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மேலுடம்பு வந்தது. கால் வரவில்லை. நிலைப்படி மேலேயே குப்புற விழுந்தார். புருவத்தில் மூன்று தையல். தைக்கிற பிழைப்பில் இருக்கிற எனக்கு அந்த மூன்று தையலைப் பார்க்கத் திராணியில்லை.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் கையை நீட்டினால் அவர் கையைத் தர மாட்டார், அவ்வளவுதான். சுவரைப் பிடிப்பார், கதவைப் பிடிப்பார், என் கையைப் பிடிக்க மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சாமளாபுரம் போகிற வழியில் இரண்டரை சென்ட். இருபத்தாறு வருஷமாக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், பத்துக் குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ் என்று இருந்தவர்களுக்கு, சொந்தமாக ஒரு கதவு. ஆவணியில் பால் காய்ச்சுவது என்று நாள் குறித்தோம். குறித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவர் சொன்னார்:

"நீயும் பொண்ணும் போயி பாலக் காச்சிருங்க. நான் எல்லாரும் போன பொறகு மெதுவா வந்துக்கறேன்."

"ஏனுங்க அப்படிச் சொல்றீங்க?"

"வாசல்ல நின்னுக்குவேன். ஒறம்பரை சனமெல்லாம் பாத்துட்டு இருப்பாங்க. நீ இழுப்பே."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது. வீட்டுக்காரர் இல்லாமல் அந்தப் பால் எனக்கு எதற்கு? அவர் அந்த வாசலுக்குள் வலது காலை வைத்துப் போக வேண்டும், அதுவும் என் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அன்றிலிருந்து சாமியிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

வழி சொன்னது ஆஸ்பத்திரியில் அவருக்குப் பிசியோதெரபி பார்க்கிற தம்பி. பாட்டும் தாளமும் சேர்ந்தால் ஒட்டிய கால் கிளம்பும் என்றார். அந்தத் தம்பி தன்னுடைய கல்யாண ரிசப்ஷனில் மனைவியோடு வால்ட்ஸ் என்ற ஜோடி டான்ஸ் ஆடினாராம். இப்போது திருப்பூரில் ரிசப்ஷன் வைக்கிறவர்கள் நிறையப் பேர் வீடியோவுக்காக அப்படி ஆடுகிறார்கள். சொல்லிக்கொடுத்த டீச்சரிடமே போய்ப் பாருங்கள் என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. என் வீட்டுக்காரரோ, "போயித்தான் பாக்கலாமே" என்றார். டான்ஸ் மேல் ஆசையா, என்னைப் படுத்துகிற ஆசையா என்று இன்று வரைக்கும் தெரியாது.

டீச்சர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். வாரம் பூராவும், வெளிநாட்டுக்குச் சரக்கு வாங்கி அனுப்புகிற பையிங் ஆபீசில் பனியன் அளவு சரிபார்க்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் டான்ஸ். ஹாலில் எங்களைத் தவிர எல்லாம் நிச்சயதார்த்தம் முடிந்த சின்னஞ்சிறுசுகள். டீச்சர் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்களை நடக்க விட்டு, குனிந்து நாலு பாதத்தையும் பார்த்தாள். அளவு பார்க்கிற கண் அல்லவா.

"நடக்கும்போது மொதல்ல எது போகுதுக்கா?"

"காலுதானுங்க."

"இல்லக்கா. ஒடம்புதான் மொதல்ல போகும். நிக்கிற காலு இருக்குல்லா, அது தரையைத் தள்ளி ஒடம்பை அனுப்பும். ஒடம்பு போன பெறவுதான் மத்த காலு ஓடி வந்து தாங்கும். தூக்குற காலைத்தான் நாம பாக்கோம். நிக்கிற காலுக்குத்தான் வேலையே இருக்கு."

அன்றைக்கு டான்ஸ் என்று ஒன்றும் ஆடவில்லை. காலை அகட்டி நின்று, முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, பாரத்தை இடது பாதத்துக்கு மாற்று, பிறகு வலதுக்கு மாற்று, திரும்ப இடதுக்கு. இதற்கா இரண்டு பஸ் மாறி வந்தோம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கலாம் என்று திரும்பினால், அவர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தார். பாரம் இடது பாதத்தில் முழுதாக இறங்கியதும் அவருடைய வலது குதிகால் தானாகத் தரையை விட்டு எழுந்தது. யாரும் இழுக்கவில்லை.

அடுத்த வாரம்தான் வம்பு ஆரம்பித்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து நிற்க வேண்டுமாம். ஆண் முன்னால் வருவான், பெண் திரும்பாமல் பின்பக்கமாகவே போக வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவர் முதுகைப் பார்த்து நடந்தவள் நான். அவர் சட்டைக் காலர் பின்பக்கம் எந்த இடத்தில் நைந்திருக்கும் என்று கேட்டால் சொல்வேன். நடக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. பார்த்தேன். நாக்கு நுனியை லேசாகக் கடித்துக்கொண்டு நடக்கிறார். துணி வெட்டும்போதும் அப்படித்தான் கடிப்பார் என்று பிறகு சொன்னார்.

கை கோக்கச் சொன்னபோது அவர் கை எழவே இல்லை. டீச்சர் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், காரணம் கேட்கவில்லை. "கையே வேண்டாம், கீழ போடுங்க" என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பேட்டர்ன் அட்டையை எடுத்தாள். டீ ஷர்ட்டின் முன்பக்கத்தை வெட்டுவதற்காகத் துணி மேல் வைக்கிற அட்டை. அதை எங்கள் இரண்டு பேருடைய விலாவுக்கும் நடுவில் வைத்து, விழாமல் நடக்க வேண்டும் என்றாள். அந்தச் சின்னஞ்சிறுசுகள் முன்னால் எனக்கு உயிர் போய்விட்டது. அவர் குனிந்து அட்டையைப் பார்த்து, "மீடியம் சைசு" என்றார்.

இரண்டு தரம் விழுந்தது. மூன்றாவது தரம் விழவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கட்டிங் மெஷின் மாதிரித்தானுங்களே டீச்சர். கையில தள்ளுனா துணி சுருண்டுக்கும். கை சும்மா புடிச்சுட்டு மட்டும் இருக்கோணும். காலை ஊனி ஒடம்பு சாஞ்சா மெஷினு அதுவாப் போகும்."

"அண்ணனுக்கு வந்துட்டு!" என்றாள் டீச்சர்.

அண்ணனுக்கு வந்துவிட்டது, அக்காவுக்குத்தான் வரவில்லை. நடுக்குவாதக்காரர் மிதந்து வருகிறார், நான் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் டைல்ஸ் வழுக்குகிறது என்றேன். டீச்சர் தரையில் உட்கார்ந்து என் பாதத்தைக் கவனித்தாள்.

"பின்னால போற காலு விரலால தரையைத் தேடணும்க்கா. பெறவு முன்பாதம். குதிகால் கடைசியில, மத்த காலு பக்கத்துல வந்த பெறவுதான் மெல்ல எறங்கணும். நீங்க வச்ச ஒடனே டக்குன்னு குதிகாலை அழுத்துதீங்க. அது பிரேக்கு. அண்ணன் வாறதுக்கு எடமே இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "பவர் டேபிளுங்க டீச்சர், பவர் டேபிளு!" என்றார்.

பவர் டேபிளில் பெடல் மேல் இரண்டு பாதமும் இருக்கும். விரல் பக்கம் அழுத்தினால் மெஷின் ஓடும், குதிகாலை அழுத்தினால் நிற்கும். ஊசி முறிகிற சத்தம் கேட்டாலும், சூப்பர்வைசர் கத்தினாலும், மனசு யோசிப்பதற்கு முன்னால் குதிகால் அழுந்திவிடும். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். எனக்குப் பயம் வந்தால் அது முதலில் குதிகாலுக்குத்தான் வரும் போலிருக்கிறது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு வாசலில் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபோது என் குதிகால் இரண்டும் தரையில் ஊன்றித்தான் இருந்தன. நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, அவரை மட்டும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் காலை வைக்க நான் இடமே விடவில்லை.

ஐந்தாவது ஞாயிறோ ஆறாவதோ, அட்டை நழுவி விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது அவர் கை எனக்கு முன்னால் நீண்டிருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டேன். பிடிக்க மட்டும்தான் செய்தேன். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். தூசி விழுந்துவிட்டதா என்று அவர் கேட்டார், ஆமாங்க என்றேன்.

ஆடி பிறந்ததும் டீச்சரிடம் வீட்டு விஷயத்தைச் சொன்னோம். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில், தரையில் எலாஸ்டிக் டேப்பை ஒட்டி, இதுதான் நிலைப்படி என்றாள். அவரைத் தனியாக வரச் சொன்னாள், நின்றுவிட்டார். பக்கத்தில் நான் ஜோடியாக வந்தேன், அப்போதும் நின்றுவிட்டார். நான் எதிரே திரும்பி நின்று கையைப் பிடித்து, இரண்டு பேரும் இடமும் வலமும் ஆடி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணியபோது டேப்பைத் தாண்டினார். ஆனால் இடது காலை வைத்துத் தாண்டினார்.

"வலது காலுதானுங்க வெக்கோணும்" என்றேன்.

"அப்ப அவரு பாரம் எடது காலுக்கு வாற வரைக்கும் காத்திருங்க. அவரு வலது காலு வாற எடத்துல ஒங்க எடது காலு நிக்குது பாருங்க. அது மொதல்ல பின்னால போனாத்தான் இது உள்ள வரும்."

"அப்படீன்னா நான் எடது காலை வெச்சு, அதுவும் முதுகைக் காட்டீட்டு, புது ஊட்டுக்குள்ள போகோணுமுங்களா?"

டீச்சர் சாதாரணமாகத் தலையாட்டினாள். அவளுக்கு அது ஒரு ஸ்டெப். நான் வெளியே கிளம்பும்போது பல்லி கத்தினால் பையை இறக்கி வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவள். இருபத்தாறு வருஷமாக அந்த ஒரு நுழைவை மனசுக்குள் நடந்து நடந்து பார்த்திருக்கிறேன்: கையில் காமாட்சி விளக்கு, வலது கால், வாசலில் மாவிலை. விளக்குக்கூட வாங்கி வைத்தாகிவிட்டது.

மூலனூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு, அவருடைய அக்காவுக்கு, போன் போட்டுக் கேட்டேன். சடங்கு சாங்கியமெல்லாம் அந்த அக்கா சொல்வதுதான் எங்கள் குடும்பத்தில் சட்டம்.

"பின்னால நடந்துட்டா புது ஊட்டுக்குள்ள போவாங்க? என்ன பேச்சுப் பேசறே கண்ணு! சேர்ல உக்கார வெச்சு நாலு பேரு உள்ள தூக்கீட்டுப் போயிருங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நாலு பேர் தூக்குவது எப்போது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு வலது காலும் வேண்டாம், கையில் விளக்கும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவரிடம் இப்படி மட்டும் சொன்னேன்: "வகுப்புல போற மாதிரியே போலாமுங்க."

பால் காய்ச்சும் நாள். வெயில் வந்துவிட்டது, பக்கத்து ஷெட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் மாட்டையும் கன்றையும் உள்ளே ஓட்டினார்கள். மாடு எந்தக் காலை வைத்தது என்று யாரும் பார்க்கவில்லை. விளக்கு என் மகள் கையில் இருந்தது. அவர் புது வேட்டியில் வாசல் வரைக்கும் நன்றாக நடந்து வந்தார். மாவிலைத் தோரணத்துக்குக் கீழே நின்றுவிட்டார்.

"வலது காலு! வலது காலு!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல். சொல்லச் சொல்ல அவர் தோள் இறுகியது. அந்த வெட்கம் முகத்தில் ஏற ஆரம்பித்தது.

நான் அவருக்கு முன்னால் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு கையையும் நீட்டினேன். அவர் கையைக் கொடுத்தார். இடம், வலம், இடம். ஒன்று இரண்டு மூன்று என்று முணுமுணுத்தேன். அவர் பாரம் மெல்ல மெல்ல இடது பாதத்துக்கு இறங்குவது என் உள்ளங்கையில் தெரிந்தது. அவருடைய வலது குதிகால் எழுந்தது. என் இடது கால் நிலைப்படியைத் தாண்டிப் பின்னால் போய், விரல் நுனி புது டைல்ஸைத் தொட்டது.

"அய்யோ, எடது காலு!" என்று நாத்தனார் குரல்.

அவ்வளவுதான். டக்கென்று என் குதிகால் இறங்கிவிட்டது. வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே, கல்லாக நின்றுவிட்டேன். அவர் உடம்பு முன்னால் வந்து என் மேல் முட்டியது. புருவத்தில் அந்தத் தழும்பு எனக்கு நேரே இருந்தது. கடவுளே, மறுபடியும் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். குதிகாலை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் கேட்கவில்லை. பசை போட்ட மாதிரி என்று இத்தனை நாள் நான் வாயால் சொன்னது என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் விழவில்லை. நின்ற காலிலேயே முட்டியைத் தளர்த்தி என்னைத் தாங்கிக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"குதிகால எடு புள்ள. பதறாத. நான் வாறனல்ல."

எடுத்தேன். அவர் உடம்பு வந்தது, அதற்குப் பின்னால் அவருடைய வலது கால் நிலைப்படியைத் தாண்டி, என் இடது கால் விட்டுக்கொடுத்த இடத்தில் வந்து அமர்ந்தது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் காத்திருந்த வீட்டுக்குள் நான் நுழைந்தபோது வீட்டை நான் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

அடுப்படி வரைக்கும் அப்படியே போனோம், நான் பின்னடி வைத்து வைத்து, அவர் முன்னடி வைத்து. நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் பாலை வைத்தார். பால் பொங்கும் வரைக்கும் என் வீட்டுக்காரர் என் கையை விடவில்லை. ஒற்றைக் கையால்தான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.